செப்டம்பரில் வாங்கிய சிவப்பு உள்ளாடை

1982 செப்டம்பர் 6

மதியம் கல்லூரி உணவகத்தில் முள்ளங்கிச் சாறு. முள்ளங்கி இருந்தது, தண்ணீர் இருந்தது, இரண்டுக்கும் ஒன்றையொன்று தெரியாது.

நூலகத்துக்கு எதிரே உள்ள பெஞ்சுகளில் விடுமுறைக்கு முன்பு பார்த்த அதே ஆட்கள். ஜீன்ஸ், கையில் ஒரு தடித்த புத்தகம். காலையில் விரித்திருந்த பக்கம் சாயங்காலமும் அப்படியே இருக்கிறது. மப்டி போலீஸுக்கு எல்லாப் பயிற்சியும் கொடுத்தவர்கள் பக்கத்தைப் புரட்டச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பேராசிரியர் சமூக மாற்றம் பற்றிப் பாடம் எடுத்தார். பிரெஞ்சுப் புரட்சி வரை வீராவேசமாக வந்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மீதியை நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்றார். அவருக்கு ஓய்வூதியம் நெருங்குகிறது.

நாட்குறிப்பு எழுதக் கூடாது என்பது எங்கள் ரகசியக் குழுவின் விதி. மீறுகிறேன். எழுதாவிட்டால் யாரிடமாவது கத்திவிடுவேன். தோழர்களின் பெயரை எழுத மாட்டேன், பட்டப் பெயர்தான். வீட்டார் பெயரை மறைத்து என்ன ஆகப்போகிறது? அதெல்லாம் சர்க்கார் அலுவலகத்தில் ஏற்கனவே பத்திரமாக இருக்கிறது.

செப்டம்பர் 9

இந்தப் பருவத்தில் யார் ஏறுவது என்று இன்று பேசினோம்.

ஏறுவது என்றால் நூலகத்தின் மேல்மாடி ஜன்னல். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வெளியே இறங்கித் தொங்க வேண்டும். ராணுவ ஆட்சிக்கு எதிரான துண்டறிக்கைகளை வீச வேண்டும், கையில் பிடிக்கும் ஒலிபெருக்கிக் குழலில் கத்த வேண்டும். வளாகம் முழுக்க மப்டி உட்கார்ந்திருக்கும்போது தரையில் நின்று ஒரு வாக்கியம் முடிக்க முடியாது. அவர்கள் கை எட்டாத இடத்தில் தொங்கினால் அறைக்கதவை உடைத்து வந்து இழுக்கும்வரை பேசலாம். ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரம். அதற்கு விலை ஒரு வருடச் சிறை, சிலருக்கு ஒன்றரை. பட்டம் கிடையாது. ஆகவே கடைசி வருடத்துக்காரர்கள்தான் ஏறுவார்கள். யாரும் யாரையும் நியமிப்பதில்லை. கண்ணாடி அண்ணன் (ஏற்கனவே உள்ளே போய் வந்தவர்) பார்லித் தேநீரை ஊற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். யாராவது வாயைத் திறக்கும்வரை.

முதலில் திறந்தவன் பட்டு. வங்கி மேலாளர் மகன், சட்டைக் காலரில் கூடச் சுருக்கம் விழாது.

"எல்லாரும் உள்ள போயிட்டா கோட்பாட்டு வேலைய யாரு பாக்குறது? சிலபேர் வெளிய இருக்கணும்ல?"

"உன் கோட்பாடு குளிர் தாங்காதோ?" என்றேன்.

கொக்கு சிரித்துவிட்டான். இயற்பியல் மாணவன், கதவு நிலைக்குக் குனிந்து வருகிறவன். "நான் ஏறுறேன்பா. எனக்குப் பாதி ஏறின மாதிரிதான் உயரம்."

பிறகு நான், "நானும்."

அவ்வளவுதான். இடி இடிக்கவில்லை. கண்ணாடி அண்ணன், "இன்ரே, அம்மாவ யோசிச்சியா?" என்று என்னிடம் கேட்டார்.

"பட்டுகிட்ட அவங்கம்மாவப் பத்தி யாரும் கேக்கலியே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் இல்லாதபோது அதைத்தான் செய்வார்.

செப்டம்பர் 14

பேஸ்பாலில் ஜப்பானை ஜெயித்துவிட்டோம். தெருவே கூரை பிய்த்துக்கொண்டு கத்துகிறது. அனுமதி வாங்காமல் கூட்டமாகக் கத்தலாம் என்று அரசாங்கம் விட்டுவைத்திருக்கும் ஒரே விஷயம். நானும் வாசலில் நின்று கத்தினேன். பயிற்சிக்கு.

செப்டம்பர் 16

அக்காவின் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். சந்தைக் கட்டடத்தில் ஒரு மாடியைப் பலகை போட்டு இரண்டாகப் பிரித்திருக்கிறான் முதலாளி. யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது. இந்த வெயிலில் குளிர்காலப் பஞ்சுக் கோட்டு தைக்கிறார்கள். அக்காவின் புருவத்தில், மூக்கில், சோற்றில் எல்லாம் பஞ்சு.

அப்பா சவூதியில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தபோது கும்ரே அக்காவுக்குப் பள்ளிக்கூடம் நின்றது, எனக்கு நிற்கவில்லை. யார் முடிவு செய்தது என்று வீட்டில் எவரும் பேசியதில்லை.

"பட்டம் வாங்குற அன்னிக்கு அந்தக் கறுப்பு அங்கிய எனக்குப் போட்டு ஒரு போட்டோ எடுக்கணும்டி," என்றாள். எல்லார் வீட்டிலும் பெற்றவர்களுக்குத்தான் போட்டுவிடுவார்கள். "அம்மா தொப்பிய வச்சுக்கட்டும், எனக்கு அங்கி. போன வருஷம் பக்கத்து வீட்டுப் பையன் போட்டிருந்தானே, எந்த மடையன் தைச்சானோ, தோள்லயே நிக்கல."

சொல்ல வாயெடுத்தேன். பஞ்சு தொண்டையில் ஏறிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம்.

செப்டம்பர் 18

சிறைக்குப் போய் வந்தவர்கள் சொல்லி அனுப்பியது: பிடிபடும்போது உடம்பில் என்ன இருக்கிறதோ அதுதான் முதல் மாதத்துக்கு. அக்டோபரிலேயே அறை ஐஸாகிவிடும். கழுத்திலிருந்து கணுக்கால்வரை உள்ளாடை போட்டுக்கொண்டு ஏறு.

சந்தையில் தேடினேன். போன குளிரில் விற்காமல் போன சரக்கு ஒரே ஒரு கடையில் இருந்தது. சிவப்பு. தடித்த, அசிங்கமான சிவப்பு.

கடைக்காரி விசிறிக்கொண்டே கேட்டாள்: "இந்த வெயில்லயா? ஓ... மொத சம்பளமா? அம்மாவுக்கா?"

தலையாட்டினேன். முதல் சம்பளத்தில் பெற்றவர்களுக்குச் சிவப்பு உள்ளாடை வாங்கிக் கொடுப்பது இந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளும் செய்வது.

"மகராசியா இரு. அம்மா உடம்பு எப்படி, என்ன மாதிரியா?" என்று அவள் தன் இடுப்பைக் காட்டினாள்.

மெத்தைப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 21

ஐயோ.

நான் வரும்போது அம்மா சமையலறையில் முளைப்பயறு அலசிக்கொண்டிருந்தாள், நாளைச் சந்தையில் விற்க. முகமெல்லாம் வியர்வை. பாவாடைக்குக் கீழே கணுக்காலில் சிவப்பு.

"எதுக்குடி ஒளிச்சு வச்சே? பண்டிகைக்குத் தரலாம்னா? எலி கடிச்சிருக்கும்." சிரித்தாள். அம்மாவுக்கு மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. வாயைப் பொத்திக்கொள்ளாமல் அவள் சிரித்து எத்தனை காலம்! "வேலை கெடச்சதச் சொல்லவே இல்லியே. புஸ்தகக் கம்பெனியா?"

"ம்."

இந்த ஒரு எழுத்தைத் திருப்பி எடுக்க முடிந்தால்...

"கழட்டும்மா, வெயிலு."

"இருக்கட்டும்டி. இன்னிக்கு ஒருநாள்."

வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இவ்வளவுதானே என்று நினைத்தேன்.

செப்டம்பர் 25

மாதக் கூட்டம். ஒவ்வொரு மாதமும் இந்தத் தேதியில் தெருவில் வீட்டுக்கு ஒருவர் போக வேண்டும். அரசாங்கம் அச்சடித்து அனுப்பும் தாளைத் தெருத் தலைவி வாசிப்பாள். எலியை எப்படி ஒழிப்பது, அரிசியை எப்படி மிச்சம் பிடிப்பது, ஒற்றனை எப்படிக் கண்டுபிடித்துப் புகார் செய்வது. மூன்றுக்கும் ஒரே குரல்.

அம்மா அதைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். சட்டைக் கையை மடக்கிக் காட்டியிருக்கிறாள். "எல்லாப் பொம்பளைங்களும் தொட்டுப் பாத்தாங்கடி. அலுவலகத்துலேர்ந்து வந்த ஆளு கூட 'நல்ல பொண்ணு'ன்னாரு. எந்தக் கல்லூரி, எத்தனாவது வருஷம்னு விசாரிச்சாரு."

"என்ன சொன்னே?"

"கடைசி வருஷம்னு சொன்னேன். பெருமையா இருந்துச்சு."

செப்டம்பர் 27

வந்துவிட்டான். ஹுவாங் என்று பெயர். எங்கள் கல்லூரி மாணவர்களின் வீடுகளைக் கண்காணிக்கும் போலீஸ் துப்பறிவாளன். பண்டிகை வாரம் என்று ஒரு பெட்டி பேரிக்காய் கொண்டுவந்தான். செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, அம்மாவிடம் இரண்டு கையாலும் தேநீரை வாங்கிக்கொண்டான். அம்மா மயங்கிப் போனாள்.

"உள்ளாடை கதகதப்பா இருக்காம்மா?"

"இருக்குங்க. உங்களுக்கெல்லாம் கூடத் தெரிஞ்சுபோச்சா!"

"கம்பெனி பேரென்னம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னேன். அவன் எழுதிக்கொள்ளவில்லை. எழுதியிருந்தால் கூடப் பரவாயில்லை.

சந்துமுனை வரை வழியனுப்பச் சொன்னான். வெளியே வந்ததும் குரல் மாறிற்று.

"செப்டம்பர்ல இது வாங்குறவங்க ரெண்டு ரகம்மா. ஒண்ணு நோயாளி. இன்னொண்ணு உன்ன மாதிரி. எந்த நாள், கூட யாரு? அத மட்டும் சொல்லு. நீ வீட்டோட இருந்துக்கோ, படிப்ப முடி. உங்கக்கா வேலை பாக்குற பட்டறைக்கு லைசன்ஸ் இல்ல, தெரியும்ல? அத மூட ஒரு போன் போதும். அந்தப் போனப் போட எனக்கு ஆசையில்ல."

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

"பேரிக்காய உடனே சாப்பிட்டுரு. கனிஞ்சிருக்கு."

பெட்டியைக் குப்பையில் போட்டேன். அம்மா எடுத்துக் கழுவி வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 28

அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. வந்தாள், அம்மாவின் கணுக்காலைப் பார்த்தாள், என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போனாள்.

"எங்க மாடியில சங்கத்துக்காரி ஒருத்தி இப்படித்தான் வாங்கினா. ஆகஸ்ட்ல. செப்டம்பர்ல அவ மெஷின்ல வேற பொண்ணு உக்காந்திருந்தா. எப்போடி ஏறப்போற?"

நான் வாளிக் கயிற்றை எடுத்துச் சுருட்டினேன்.

"என் முதுகு வளைஞ்சது உன்னச் சுவத்துல தொங்கவிடவா?"

"உன் முதுகு வளைஞ்சது என்னாலயா? நிமிர முடியாத மாதிரி பலகை அடிச்சானே, அவனாலயா? அத யாராவது கேக்கணும்ல? பேப்பர்ல வருதா, டிவில வருதா? வாயத் தொறந்தா—"

"என் கதைய எனக்கே சொல்லாத."

"சரி. அப்ப நீயே சொல்லு, நான் என்ன செய்யணும்? ஏறுறத விட்டுட்டு புஸ்தகக் கம்பெனில உக்காந்து அழகா எழுத்துப்பிழை பாக்கணுமா?"

வாளியை உதைத்துவிட்டுப் போனாள். உதைத்தது வாளியைத்தான்.

அவன் பட்டறை பற்றிச் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். நாளை சொல்லிவிடுவேன்.

செப்டம்பர் 29

பட்டறை பற்றிச் சொன்னேன். "அவன் மூடட்டும். தினம் ரெண்டு பட்டறை மூடுறாங்க, மறுநாள் மூணு தொறக்குது," என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள். ஆனால் சொன்னாள்.

கண்ணாடி அண்ணனைப் பேருந்தில் சந்தித்தேன். முன்சீட்டில் அவர், பின்சீட்டில் நான். இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தபடி. ஹுவாங் வந்துபோனதைச் சொன்னேன்.

"போலீஸ் தொட்ட ஆள வெட்டிவிடுறதுதான் முறை. உனக்குத் தெரியும். உனக்குப் பதிலா பட்டு ஏறுறேன்னு சொல்லிட்டான்."

பட்டா! "அவனுக்கு உயரம்னாலே தல சுத்தும்."

"அவன் அத யாருகிட்டயும் சொல்லாமத்தான் ஒத்துக்கிட்டான், இன்ரே."

ஒருவனைப் பற்றி வைத்திருந்த சௌகரியமான வெறுப்பு போய்விட்டது.

"அந்தாளு என்னை விட்டுப் பார்வைய எடுத்தா?" என்று கேட்டேன்.

"எடுக்க மாட்டான்."

"எடுத்தா?"

"எடுத்தா பேசலாம்." அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப்போனார்.

அக்டோபர் 1

சூசோக், அறுவடைப் பண்டிகை. அப்பாவுக்குப் படையல். பைன் இலைமேல் வேகவைத்த கொழுக்கட்டை, மீன், பேரிக்காய். ஆமாம், அவனுடைய பேரிக்காய்தான். சித்தப்பா வந்து மது ஊற்றி வணங்கினார். வீட்டில் மூன்று பெண்கள் உழைக்கிறோம், கும்பிடுவதற்கு மட்டும் ஓர் ஆண் வெளியிலிருந்து வர வேண்டும்.

"கம்பெனிக்காரி, எனக்கொரு உள்ளாடை கிடையாதா?" என்றார். அம்மா வாயைப் பொத்தாமல் சிரித்தாள்.

அவர் போனதும் பாத்திரம் கழுவினோம். நான் சொன்னேன். கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வேலை இல்லை. கம்பெனி இல்லை. கயிறு. சிறை. அந்தச் சிவப்பு உள்ளாடை யாருக்காக.

அம்மா கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவின கிண்ணத்தையே மறுபடி கழுவினாள்.

"உனக்கு வாங்குனதா அது?"

"ஆமா."

"நான் தெருவெல்லாம் காட்டிட்டு வந்தேனே. அந்தாளு வந்தது... என்னாலயா?"

"இல்லம்மா. நான் அன்னிக்கே சொல்லாததால."

ஈரக் கையால் கன்னத்தில் ஓர் அறை. நிஜமான அறை. பிறகு அடுப்பில் கரிக்கட்டி மாற்றப் போனாள். வெகுநேரம் அங்கேயே குந்தியிருந்தாள். கட்டி எப்போதோ பற்றிக்கொண்டுவிட்டது.

அக்டோபர் 3

இரண்டு நாளாக அம்மா எனக்குச் சோறு போடுகிறாள், தட்டைப் பார்த்துப் போடுகிறாள்.

இன்று சட்டென்று, "கோன்-சிக் டார்ச் லைட்டுக்கு பேட்டரி வாங்கப் போனான்," என்றாள்.

குவாங்ஜுவில் இருந்த மாமன் மகன். இரண்டு வருடம் முன்பு, ராணுவம் ஊருக்குள் புகுந்து சுட்ட அந்த மே மாதம். பேட்டரி வாங்கப் போனவன் திரும்பவில்லை. ராணுவம் ஊரை விட்டு நகர்ந்த பிறகு மாமா பிணங்கள்மேல் மூடியிருந்த ஒவ்வொரு பாயாகத் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தார். செய்தித்தாளில் கலகக்காரன் என்று போட்டார்கள். அம்மா அதன்பிறகு அவன் பெயரைச் சொன்னதே இல்லை, இன்றுவரை.

"அவன் சத்தம் ஒருத்தருக்கும் கேக்கல," என்றாள். "நீ ஏறுற எடத்துலேர்ந்து கேக்குமா?"

"கேக்கும்மா."

முளைப்பயற்றுக் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டாள்.

அக்டோபர் 5

நம்ப முடியவில்லை. எழுதும்போதே சிரிப்பாக இருக்கிறது.

ஹுவாங் மறுபடி வந்தான். நான் உள்ளறையில். அம்மா அவனை உட்காரவைத்து, பார்லித் தேநீர் கொடுத்து, அழத் தொடங்கினாள்.

"வேலையெல்லாம் போச்சுங்க. இவ திமிருக்கு எவன் வச்சுப்பான்? ஊருல ஒரு மாப்பிள்ளை. பல் டாக்டரு வீட்ல கம்பவுண்டர். வர்ற செவ்வாக்கிழமை பாக்க வரச் சொல்லிருக்காங்க. திங்கக்கிழமை காலை பஸ்ஸு. போகமாட்டேன்னு அடம் பிடிக்கிறா. நீங்க பெரிய மனுஷரு, உங்க பேச்சக் கேப்பா, நீங்கதான் சொல்லணும்!"

அவன் என்னைக் கூப்பிட்டு அறிவுரை சொன்னான். பெண்ணுக்குக் குடும்பம்தான் அழகு, படிப்பைப் பிறகு தபாலில் முடிக்கலாம். தலை குனிந்து கேட்டேன். சிரிப்பை அடக்கக் கன்னத்தை உள்ளே கடித்தேன். அவன் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டான்.

"திங்கக்கிழமை பஸ் நிலையத்துக்கு நானே வந்து ஏத்திவிடுறேன்மா," என்று அம்மாவிடம் சொன்னான். உதவி மாதிரி. காவல் மாதிரி.

அவன் போனதும் கேட்டேன், "கம்பவுண்டர் எங்கேர்ந்தும்மா வந்தான்?"

"டாக்டருன்னா நம்ப மாட்டான்," என்றாள் அம்மா.

அக்டோபர் 7

கண்ணாடி அண்ணனிடம் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "உங்கம்மா எந்த அமைப்புல இருக்காங்க?" என்றார்.

சரி என்றுவிட்டார். செவ்வாய், உணவு இடைவேளை. கொக்கு இடது ஜன்னல், நான் வலது. பட்டு கீழே கூட்டத்தில் நின்று பாட்டைத் தொடங்கிவைக்க வேண்டும். அவன் கை குளிர்ந்திருந்தது, என் கையைக் குலுக்கியபோது. "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன், கேக்கல," என்றான். என்னவென்று நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 9

அக்கா ஒரு பொட்டலத்தை என்மேல் எறிந்தாள். மாப்பிள்ளை பார்க்கப் போகிற பெண் போடும் சாம்பல் நிறக் கோட்டும் பாவாடையும். ஊரில் ஆயிரம் பெண்கள் போடுகிறார்கள், யாரும் இரண்டாவது முறை பார்க்க மாட்டார்கள். உள்பக்கத்தைத் திருப்பினால் பஞ்சு. ஏற்றுமதிக் கோட்டுக்கு வைக்கிற நயம் பஞ்சு, வெளியே புடைக்காதபடி கட்டம் கட்டமாகத் தைத்திருக்கிறாள். முட்டிக்கு இரட்டை. முதுகுக்கு இரட்டை.

"அந்தச் சிவப்புச் சனியன அம்மாவே போட்டுக்கட்டும்," என்றாள். "இடுப்புல கயிறு வர்ற எடத்துல தோல் பட்டை வச்சிருக்கேன். அறுக்காது."

அவள் சரி என்று சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

அக்டோபர் 11

அக்காவின் பட்டறைப் பலகைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். விடுமுறை விட்டுவிட்டான் முதலாளி. ஆள் இல்லை.

காலையில் ஹுவாங் பேருந்து நிலையத்துக்கு வந்தான், எங்கள் பெட்டியைக் கூடத் தூக்கி வைத்தான். வண்டி கிளம்பும்வரை நின்றான். அம்மா ஜன்னல் வழியாக அவனுக்குக் கையசைத்தாள், பலமாக, ஒரு சொந்தக்காரனுக்கு அசைப்பதுபோல.

நெடுஞ்சாலையில் முதலாவது நிறுத்தத்தில் எல்லாரும் கழிப்பறைக்கு இறங்கினார்கள். அம்மா வாதுமைப் பணியாரம் ஒரு பொட்டலம் வாங்கி என் பையில் திணித்தாள். சுடச்சுட இருந்தது.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் காலரைச் சரிசெய்தாள்.

"சத்தமாக் கத்து. நீ சின்ன வயசுலேர்ந்தே தொண்டைக்குள்ளயே பேசுறவ."

"சரிம்மா."

"தொண்டைய நனைச்சுக்கோ மொதல்ல."

"சரிம்மா."

அவள் வண்டியில் ஏறினாள். நான் பாலத்தில் ஏறிச் சாலைக்கு மறுபக்கம் இறங்கி, தலைநகருக்குத் திரும்பும் வண்டியைப் பிடித்தேன்.

பயமாக இருக்கிறதா? இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டே ஏற முடியும் என்றுதான் தோன்றுகிறது. இந்த நோட்டை அக்காவின் மெஷினுக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன்.

1983 அக்டோபர் 20

ஒரு வருடம் முழுதாக உள்ளே. தண்டனையில் ஒரு நாள் கழிக்கவும் இல்லை, தயவும் காட்டவில்லை. மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள், எழுதவில்லை. கொக்குக்கு ஒன்றரை, இன்னும் இருக்கிறான். பட்டுவைக் கட்டாயமாக ராணுவத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வடக்கு எல்லை. கடிதம் வரவில்லை.

நோட்டை அக்கா திருப்பித் தந்தாள், தையல் எண்ணெய்க் கறையோடு.

"படிச்சியா?"

"உன் கையெழுத்த எவ படிப்பா?"

அன்றைக்கு என்ன நடந்தது என்று எழுதி வைக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே இறங்கித் தொங்கினேன். கீழே எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். குழலில் முதல் வாக்கியம் தொண்டைக்குள்ளேயே நின்றது. அடுத்தது வந்தது. குவாங்ஜு என்று சொன்னேன். இரண்டு வருடமாக யாரும் அந்த வளாகத்தில் உரக்கச் சொல்லாத பெயர். உணவகத்திலிருந்து பையன்கள் கரண்டியோடு ஓடிவந்தார்கள். பட்டு பாடத் தொடங்கினான். அபசுரம், பயங்கர அபசுரம். ஆனால் அவன் நிறுத்தவில்லை. பெஞ்சுக்காரர்கள் அவனை மிதிக்கும்போதும் பாட்டு கேட்டது, அவன் வாயிலிருந்து இல்லை, வேறு வாய்களிலிருந்து. கதவுக்குப் பின்னால் கொக்கு அலமாரிகளை அடுக்கியிருந்தான். அவர்கள் உடைத்து வருவதற்குள் சிகரெட் ஒன்றல்ல, பல எரிந்திருக்கும்.

கயிறு அறுக்கவில்லை. குளிரும் முதுகை எட்டவில்லை.

கல்லூரியில் என் பெயரை அடித்துவிட்டார்கள். அக்காவின் பட்டறையை மூடினார்கள், சந்தையின் பின்பக்கம் வேறு பெயரில் திறந்திருக்கிறது. அங்கே நூல்பிசிறு வெட்டுகிறேன். மெதுவாக வெட்டுகிறேன் என்று அக்கா எல்லார் முன்னாலும் திட்டுகிறாள்.

நவம்பர் 4

அமெரிக்க அதிபர் வரப்போகிறாராம். எங்கள் சேரி அவர் கண்ணில் படக் கூடாது என்று சாலையோரம் தகரம் அடைக்கிறார்கள். பச்சை வர்ணம், அதில் பூ ஓவியம்.

அம்மா இப்போதெல்லாம் மதியத்துக்கு மேல் சந்தையில் இருப்பதில்லை. என் வழக்குக்காக நீதிமன்றத்துக்கு வந்து பழகியவள். என் வழக்கு முடிந்த பிறகும் நிறுத்தவில்லை என்று அக்கா சொல்கிறாள். யார் பிள்ளைக்கு விசாரணை என்றாலும் போய் முதல்வரிசையில் உட்கார்ந்துவிடுகிறாள். அங்கே அவளைப்போல இன்னும் சிலர் இருக்கிறார்களாம்.

நவம்பர் 9

இன்று காவல் நிலையத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனேன்.

முந்தாநாள் நீதிமன்றத்தில் முகம் தெரியாத ஒரு பெண்ணுக்கு ஒன்றரை வருடம் தீர்ப்பானது. அம்மா எழுந்து தன் ரப்பர்ச் செருப்பை நீதிபதியை நோக்கி எறிந்திருக்கிறாள். படவில்லை. குறி சரியில்லை, ஆனால் சத்தம் நன்றாக இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். சில நாள் காவல்.

மேசையில் ஹுவாங். என்னைப் பார்த்துப் பேனாவைக் கீழே வைத்தான். "உங்க வீட்ல ஒவ்வொருத்தரா எல்லாரையும் நான்தான் பாத்துக்கணுமா?"

"கம்பவுண்டர் மாப்பிள்ளை சரிப்பட்டு வரலங்க," என்றேன்.

அவன் காதுமடல் சிவந்தது. பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே விடச் சொன்னான்.

கம்பிக்கு அந்தப் பக்கம் அம்மா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள், ஒரு காலில் செருப்பில்லாமல். பக்கத்துக்கு ஒருத்தியாக இரண்டு பெண்கள். சாற்றை ஒரு வாய் குடித்தாள், முகத்தைச் சுளித்தாள்.

"உப்பே இல்ல. யாருடி வச்சது, நீயா?" பாத்திரத்தைப் பக்கத்திலிருந்தவளிடம் நகர்த்தினாள். "நாளைக்குப் பெரிய பாத்திரத்துல கொண்டா. நாங்க மூணு பேரு இருக்கோம்."